ஃபோல்கே பெர்னடோட்

ஃபோல்கே பெர்னடோட் (ஜனவரி 2, 1895 – செப்டம்பர் 17, 1948) சுவீடன் நாட்டு அரச குடும்பத்தைச் சேர்ந்த இராணுவ அதிகாரியும், செஞ்சிலுவைச் சங்கத் தலைவரும், ஐக்கிய நாடுகள் அவையின் முதலாவது சமரசத் தூதரும் ஆவார். இரண்டாம் உலகப் போரின் இறுதி மாதங்களில் நாசி ஜெர்மனியின் வதைமுகாம்களில் இருந்து ஏறத்தாழ 15,000 கைதிகளை மீட்ட வெள்ளைப் பேருந்துகள் நடவடிக்கையால் உலகப் புகழ் பெற்றார். 1948 ஆம் ஆண்டில் பாலஸ்தீனத்தில் மூண்ட போரை நிறுத்த ஐக்கிய நாடுகள் அவையால் அனுப்பப்பட்டார். நான்கு மாதங்களுக்குள் இரண்டு போர் ஓய்வுகளை நடைமுறைப்படுத்தினார். இரண்டு அமைதித் திட்டங்களை வகுத்தார். இரண்டாவது திட்டத்தில் கையெழுத்திட்ட மறுநாள், எருசலேம் நகரில் லேகி என்னும் யூதத் தீவிரவாத இயக்கத்தினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

எல்லை எங்கே அமைவது, எருசலேம் யாருக்கு உரியது, வெளியேறிய அரபு மக்கள் வீடு திரும்பலாமா என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரே அறிக்கையில் விடை சொல்ல முயன்ற முதல் அனைத்துலகத் தூதர் இவரே. அம்மூன்று கேள்விகளும் இன்றளவும் தீர்க்கப்படவில்லை.

பிறப்பும் இளமையும்

பெர்னடோட் ஸ்டாக்ஹோம் நகரில் பிறந்தார். தந்தை இளவரசர் ஆஸ்கார், சுவீடன் மன்னர் இரண்டாம் ஆஸ்காரின் மகன். தாய் எப்பா முங்க் அரச குலத்தைச் சேராதவர். அவரை மணந்ததால் இளவரசர் ஆஸ்கார் அரியணை உரிமையை இழந்தார். ஆகவே ஃபோல்கே இளவரசராக அன்றி, விஸ்போர்க் கோமகன் என்னும் பட்டத்துடனேயே அறியப்பட்டார். பின்னாளில் மன்னரான ஐந்தாம் குஸ்தாவ் இவருடைய பெரியப்பா ஆவார். பெர்னடோட் என்பது சுவீடியப் பெயர் அன்று. நெப்போலியனின் படைத்தளபதிகளுள் ஒருவராக இருந்து 1818 இல் சுவீடன் மன்னராக முடிசூடிய பிரெஞ்சுக்காரர் ஒருவரின் குடும்பப் பெயர்.

இவருடைய பெற்றோர் ஆழ்ந்த கிறித்தவ நம்பிக்கையும் தொண்டு மனப்பான்மையும் உடையவர்கள். பெர்னடோட் குதிரைப்படையில் அதிகாரியாகப் பணியாற்றினார். 1928 இல் அமெரிக்கத் தொழிலதிபர் ஒருவரின் மகளான எஸ்தல் மேன்வில் என்பவரை நியூயார்க் மாநிலத்தில் மணந்தார். இவர்களுக்கு நான்கு ஆண் குழந்தைகள் பிறந்தனர்; அவர்களுள் இருவர் இளம் வயதிலேயே இறந்தனர். சுவீடன் சாரணர் இயக்கத்திற்கும் தலைமை தாங்கினார். ஐம்பது வயதை நெருங்கும் வரை இவருடைய வாழ்வில் வரலாற்று நூல்களில் இடம்பெறத்தக்க நிகழ்வு ஏதும் இல்லை எனலாம்.

வெள்ளைப் பேருந்துகள்

1943 இல் சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் துணைத் தலைவரானார். போரில் ஊனமுற்ற ஜெர்மானிய, பிரித்தானியக் கைதிகளை ஒருவருக்கு ஒருவர் மாற்றிக்கொள்ளும் பணி கோத்தன்பர்க் துறைமுகத்தில் இவருடைய மேற்பார்வையில் நடைபெற்றது. போரில் சுவீடன் நடுநிலை வகித்ததே இதற்கு வழி செய்தது.

1945 தொடக்கத்தில் ஜெர்மனியின் தோல்வி உறுதியாகிவிட்டது. அந்நாட்டின் முகாம்களில் இருந்த நார்வே, டென்மார்க் நாட்டவரை எப்படியாவது மீட்க வேண்டும் என்ற யோசனையை நார்வேயின் தூதுவர் நீல்ஸ் கிறிஸ்டியன் டிட்லெஃப் முன்வைத்தார். பெப்ரவரி மாதம் பெர்னடோட் பெர்லின் சென்று, முகாம்களுக்கெல்லாம் பொறுப்பாளராக இருந்த ஹிம்லரைச் சந்தித்துப் பேசினார். நேச நாட்டு விமானங்கள் தாக்காமல் இருக்கும் பொருட்டு வெள்ளை வண்ணம் பூசிச் செஞ்சிலுவைக் குறி இடப்பட்ட பேருந்துகள் ஜெர்மனிக்குள் சென்றன. முதலில் ஸ்காண்டிநேவியர் மட்டும் மீட்கப்பட்டனர். தெரேசியன்ஸ்டாட் முகாமில் இருந்த 423 டென்மார்க் யூதர்களும் இவர்களுள் அடங்குவர். பின்னர் ராவன்ஸ்பிரூக் பெண்கள் முகாமில் இருந்து பிரெஞ்சு, போலந்து நாட்டுப் பெண்களும் யூதப் பெண்களும் ஆயிரக்கணக்கில் வெளியேற்றப்பட்டனர்.

ஏப்ரல் இறுதியில் மேற்கத்திய நேச நாடுகளிடம் மட்டும் சரணடைய விரும்புவதாக ஹிம்லர் இவர் வழியாகவே செய்தி அனுப்பினார். அமெரிக்காவும் பிரித்தானியாவும் அதை ஏற்கவில்லை. செய்தி வெளியானதும் ஹிட்லர் ஹிம்லரின் பதவிகளைப் பறித்தார்.

இந்த நடவடிக்கை குறித்து மாற்றுக் கருத்துகளும் உள்ளன. நோயன்காமே முகாமில் ஸ்காண்டிநேவியருக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்பதற்காக, நோயுற்ற வேறு நாட்டுக் கைதிகள் ஏறத்தாழ 2,000 பேரை அதே சுவீடன் பேருந்துகள் பிற முகாம்களுக்கு ஏற்றிச் சென்றன. அவர்களில் பலர் பிழைக்கவில்லை. சுவீடன் வரலாற்றாசிரியர் இங்ரிட் லோம்ஃபோர்ஸ் 2005 இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக எழுதியுள்ளார். சிலரைக் காப்பாற்றும்போது மற்றவர்களைக் கைவிடும் நிலைக்குத் தள்ளப்படுவது கொடியவர்களுடன் பேச்சு நடத்துவோருக்கு நேரும் இடர். பெர்னடோட் போர் முடிந்த சில வாரங்களிலேயே எழுதிய நூல் பிறரின் பங்கைக் குறைத்துக் காட்டியது என்ற குறையும் உண்டு. ஆயினும் 15,000 உயிர்கள் என்பது சிறிய கணக்கு அன்று.

பாலஸ்தீனம்: 1948 வரை

1947, நவம்பர் 29 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச் சபை, பிரித்தானிய ஆட்சிக்கு உட்பட்டிருந்த பாலஸ்தீனத்தை ஒரு யூத நாடாகவும் ஓர் அரபு நாடாகவும் பிரிக்கத் தீர்மானித்தது. ஆதரவாக 33 நாடுகளும் எதிராக 13 நாடுகளும் வாக்களித்தன. 10 நாடுகள் வாக்களிக்கவில்லை. மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரான யூதருக்கு நிலப்பரப்பில் ஏறத்தாழ 55 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. எருசலேம் எவருக்கும் இன்றி அனைத்துலக ஆட்சியில் இருக்கும் என்று முடிவாயிற்று. யூதத் தலைமை இப்பிரிவினையை ஏற்றது. பாலஸ்தீன அரபுத் தலைமையும் அரபு நாடுகளும் நிராகரித்தன. அடுத்த நாளே மோதல்கள் தொடங்கின.

1948 ஏப்ரல் 9 அன்று எருசலேமுக்கு மேற்கே உள்ள தெயிர் யாசின் கிராமத்தில் இர்குன், லேகி ஆகிய யூதத் தீவிரவாத இயக்கங்கள் நூற்றுக்கும் மேற்பட்ட அரபு மக்களைக் கொன்றன. நான்கு நாட்கள் கழித்து ஹதாசா மருத்துவமனைக்குச் சென்ற மருத்துவர், செவிலியர் உள்ளிட்ட யூதர்களின் வாகன அணியை அரபுப் படையினர் தாக்கினர். எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மே 14 அன்று இஸ்ரேல் நாடு அறிவிக்கப்பட்டது. மறுநாள் எகிப்து, டிரான்ஸ்ஜோர்டான், சிரியா, ஈராக், லெபனான் ஆகிய நாடுகளின் படைகள் பாலஸ்தீனத்தில் நுழைந்தன.

மே 14 அன்றே பொதுச் சபை ஒரு சமரசத் தூதரை அமர்த்தத் தீர்மானித்திருந்தது. அதுவரை அப்படி ஒரு பதவி இருந்ததில்லை. ஐந்து வல்லரசுகளும் கூடி மே 20 அன்று பெர்னடோட்டைத் தேர்ந்தெடுத்தன. நடுநிலை நாட்டவர் என்பதும், யூதர்களையும் காப்பாற்றியவர் என்பதும் இவருக்குச் சாதகமான தகுதிகளாகக் கருதப்பட்டன. மத்திய கிழக்கைப் பற்றி இவர் முன்னர் ஏதும் அறிந்திருக்கவில்லை. அக்குறையை ஈடு செய்தவர், ஐக்கிய நாடுகள் செயலகத்தில் இருந்து உடன் அனுப்பப்பட்ட அமெரிக்கரான ரால்ஃப் பஞ்ச்.

முதல் போர் ஓய்வு

பெர்னடோட் தமது தலைமையகத்தை மத்தியதரைக் கடலில் உள்ள ரோட்ஸ் தீவில் அமைத்துக்கொண்டார். வெள்ளை வண்ணம் பூசிய விமானம் ஒன்றில் கெய்ரோ, அம்மான், டெல் அவிவ் என்று இடைவிடாது பறந்தார். நான்கு வாரப் போர் ஓய்வு ஜூன் 11 அன்று தொடங்கியது. அதைக் கண்காணிக்க ஆயுதம் ஏந்தாத இராணுவ அதிகாரிகள் பல நாடுகளில் இருந்து வரவழைக்கப்பட்டனர். ஐக்கிய நாடுகள் அவையின் அமைதி காக்கும் பணிகளின் தொடக்கம் இதுவே. அன்று உருவான கண்காணிப்பு அமைப்பு எருசலேமைத் தலைமையிடமாகக் கொண்டு இன்றும் இயங்குகிறது.

போர் ஓய்வுக் காலத்தில் எவரும் புதிய ஆயுதங்களைக் கொண்டுவரக் கூடாது என்பது நிபந்தனை. இரு தரப்பும் இதனை மீறின. இஸ்ரேலுக்குச் செக்கோஸ்லோவாக்கியாவில் இருந்து ஆயுதங்கள் வந்து சேர்ந்தன. இர்குன் இயக்கம் அல்டலேனா என்ற கப்பலில் ஆயுதங்களைத் தனியாகக் கொண்டுவந்தபோது, பிரதமர் பென் குரியன் அந்தக் கப்பலைச் சுடுமாறு தம் படைக்கு ஆணையிட்டார். ஒரு நாட்டில் இரண்டு படைகள் இருக்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு. ஆனால் எருசலேம், இஸ்ரேலின் சட்டப்படியான எல்லைக்கு அப்பாற்பட்டதாகக் கருதப்பட்டதால் இர்குனும் லேகியும் அங்கே தனித்து இயங்கின. பெர்னடோட்டின் முடிவுக்கு இந்த இடைவெளியே வழி விட்டது.

முதல் திட்டம்

ஜூன் இறுதியில் பெர்னடோட் தமது முதல் யோசனைகளை இரு தரப்புக்கும் அனுப்பினார். பாலஸ்தீனமும் டிரான்ஸ்ஜோர்டானும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பாக வேண்டும். அதில் யூத நாடு ஓர் உறுப்பு, அரபுப் பகுதி மற்றோர் உறுப்பு. தெற்கே உள்ள நெகேவ் பாலைநிலம் அரபுப் பகுதிக்கும், வடக்கே உள்ள மேற்குக் கலிலேயா யூதப் பகுதிக்கும் செல்லும். ஹைஃபா துறைமுகமும் லித்தா விமான நிலையமும் இரு தரப்புக்கும் பொதுவாக இருக்கும். எருசலேம் அரபுப் பகுதிக்குள் அமையும். அங்குள்ள யூதருக்கு நகராட்சித் தன்னாட்சி வழங்கப்படும். போரால் வெளியேறிய அனைவரும் தங்கள் வீடுகளுக்குத் திரும்பிச் சொத்துகளை மீண்டும் பெறும் உரிமை உடையவர்கள்.

இது இரு தரப்பையும் ஒரே அளவில் சினமூட்டியது. ஆறு வாரங்களுக்கு முன் தன்னுரிமை அறிவித்த ஒரு நாட்டிடம் ஒரு கூட்டமைப்பின் பகுதியாக இருக்கச் சொன்னதும், ஏறத்தாழ ஒரு இலட்சம் யூதர்கள் முற்றுகையைத் தாங்கி வாழ்ந்த எருசலேமை அரபு ஆட்சியில் சேர்க்கச் சொன்னதும் நடைமுறைக்கு ஒவ்வாதவை. அரபு நாடுகளோ எந்த வடிவிலும் யூத நாடு இருப்பதை ஏற்க ஆயத்தமாக இல்லை. எருசலேம் பற்றிய யோசனை பெரும் பிழை என்பதைப் பெர்னடோட் உணர்ந்து, அடுத்த திட்டத்தில் அதைக் கைவிட்டார். ஆனால் அதற்குள் எருசலேம் யூதத் தீவிரவாதிகளிடையே இவர் பிரித்தானியாவின் கையாள் என்ற பெயர் பரவிவிட்டது. ஹிம்லருடன் பேசியவர் என்பதும் இப்போது இவருக்கு எதிராகத் திருப்பப்பட்டது.

பத்து நாள் போரும் அகதிகளும்

போர் ஓய்வை நீட்டிக்குமாறு பெர்னடோட் கேட்டபோது இஸ்ரேல் இசைந்தது. அரபு நாடுகள் மறுத்தன. ஜூலை இரண்டாம் வாரத்தில் போர் மீண்டும் மூண்டது. பத்து நாட்கள் நீடித்த அந்தப் போரில் அரபுத் தரப்பு இழந்ததே மிகுதி. அதிலும் போர் புரியாத மக்கள் இழந்ததே மிகுதி. லித்தா, ரம்லே ஆகிய இரு அரபு நகரங்களையும் கைப்பற்றிய இஸ்ரேலியப் படை, அங்கிருந்த 50,000 முதல் 70,000 வரையிலான மக்களை வெளியேற்றியது. கோடை வெயிலில் கிழக்கு நோக்கி நடந்த அவர்களில் பலர் தாகத்தாலும் களைப்பாலும் வழியிலேயே இறந்தனர். வெளியேற்ற ஆணையில் கையெழுத்திட்ட இளம் அதிகாரி இட்சாக் ராபின். 1993 இல் பாலஸ்தீனத் தலைவர் யாசர் அரஃபாத்துடன் கைகுலுக்கிய இஸ்ரேலியப் பிரதமரும் இவரே.

பாதுகாப்பு அவையின் கட்டளைப்படி ஜூலை 18 அன்று இரண்டாவது போர் ஓய்வு தொடங்கியது. இம்முறை அதற்குக் கால வரையறை இல்லை. அதன் பின்னர் பெர்னடோட் ரமல்லாவுக்குச் சென்று அகதிகளைப் பார்த்தார். ஐரோப்பாவில் எத்தனையோ அகதி முகாம்களைப் பார்த்திருந்தும் இதைவிடக் கொடிய காட்சியைக் கண்டதில்லை என்ற பொருளில் அவர் தமது குறிப்பேட்டில் எழுதிவைத்தார். அன்று முதல் அவருடைய பணியின் மையம் எல்லைக்கோட்டில் இருந்து அகதிகளிடம் நகர்ந்தது.

ஜூலை 26 அன்று இஸ்ரேலிய வெளியுறவு அமைச்சர் மோஷே ஷெர்டோக்கைச் சந்தித்து, ஒரு பகுதியினரையாவது உடனடியாகத் திரும்ப அனுமதிக்குமாறு கேட்டார். சில நாட்களில் மறுப்பு வந்தது. போரைத் தொடங்கியவர்கள் அரபு நாடுகள், ஆகவே அகதிகளுக்குப் பொறுப்பும் அவர்களுடையதே. போர் முடியாத நிலையில் அவர்களைத் திரும்ப விடுவது பகைவரை நாட்டுக்குள் விடுவதாகும். இறுதி அமைதி உடன்பாட்டின் ஒரு பகுதியாகவே இதைப் பேச முடியும் என்பன இஸ்ரேல் கூறிய காரணங்கள். அரபு நாடுகளோ இஸ்ரேலுடன் அமைதி உடன்பாட்டுக்கே ஆயத்தமாக இல்லை. உடன்பாடு வந்தால் அகதிகள் பற்றிப் பேசலாம் என்பது ஒரு தரப்பு. அகதிகள் திரும்பினால் உடன்பாடு பற்றிப் பேசலாம் என்பது மறு தரப்பு. இந்த முடிச்சு அவிழவே இல்லை.

அம்மக்கள் ஏன் வெளியேறினர் என்பது நெடுங்காலம் சர்ச்சைக்கு உரியதாக இருந்தது. அரபுத் தலைவர்கள் வானொலி வழியாக அழைத்ததால்தான் வெளியேறினர் என்று இஸ்ரேல் தரப்பில் பல ஆண்டுகள் கூறப்பட்டு வந்தது. இஸ்ரேலிய அரசு ஆவணங்கள் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்ட பின், இஸ்ரேலிய வரலாற்றாசிரியர் பென்னி மாரிஸ் 1980களின் இறுதியில் வெளியிட்ட ஆய்வு இக்கூற்றைத் தகர்த்தது. படைத் தாக்குதல், அச்சம், சில இடங்களில் நேரடி வெளியேற்றம், அரபுச் சமூகத் தலைமை குலைந்து போனமை ஆகியன சேர்ந்தே அந்த வெளியேற்றத்துக்குக் காரணம் என்று அவர் காட்டினார். முன்கூட்டியே வகுத்த திட்டம் ஒன்று இருந்ததா என்பதில் மட்டும் அறிஞர்களிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லை. போர் முடிவில் அகதிகளின் தொகை ஏறத்தாழ 7 இலட்சம். அவர்கள் விட்டுச் சென்ற ஊர்கள் ஏறத்தாழ 400. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் ஈராக், ஏமன், எகிப்து முதலிய அரபு நாடுகளில் இருந்து பல இலட்சம் யூதர்கள் தங்கள் உடைமைகளை இழந்து வெளியேறியதையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும்.

இரண்டாவது திட்டம்

செப்டம்பர் 16 அன்று ரோட்ஸ் தீவில் பெர்னடோட் தமது அறிக்கையில் கையெழுத்திட்டார். கூட்டமைப்பு யோசனை கைவிடப்பட்டது. இஸ்ரேல் என்னும் நாடு இருக்கிறது, அது நிலைத்திருக்கும், அதை அரபு நாடுகள் ஏற்றே ஆக வேண்டும் என்பது அறிக்கையின் முதல் அடிப்படை. நெகேவ் அரபுப் பகுதிக்கும் கலிலேயா முழுவதும் இஸ்ரேலுக்கும் உரியன. லித்தாவும் ரம்லேயும் அரபுப் பகுதியில் சேரும். எருசலேம் ஐக்கிய நாடுகள் அவையின் ஆட்சியில் தனித்திருக்கும். எஞ்சியவற்றைத் தீர்க்க ஓர் இணக்க ஆணையம் அமைக்கப்படும்.

அகதிகளைப் பற்றிய பகுதியில் தூதருக்கே உரிய மழுப்பல் நடை இல்லை. தம் மண்ணில் வேரூன்றி நூற்றாண்டுகளாக வாழ்ந்தவர்கள் திரும்ப மறுக்கப்பட்டு, அதே வேளையில் புதிய யூதக் குடியேறிகள் அங்கு வந்து சேருவது அடிப்படை நீதிக்கே முரணானது என்ற கருத்தை அவர் அதில் தெளிவாக எழுதினார். கொள்ளைகளும், போர்த் தேவை இன்றியே கிராமங்கள் அழிக்கப்பட்டதும் குறித்து நம்பத்தக்க தகவல்கள் வந்துள்ளன என்றும், சொத்துகளைத் திருப்பிக் கொடுப்பதும் இழப்பீடு வழங்குவதும் இஸ்ரேலிய இடைக்கால அரசின் கடமை என்றும் பதிவு செய்தார். திரும்ப விரும்பாதவர்களுக்கு இழப்பீடு என்ற மாற்று வழியும் இருந்தது.

இந்தத் திட்டத்தில் ஒரு பெரிய குறை உண்டு. அரபுப் பகுதியை டிரான்ஸ்ஜோர்டானுடன் இணைப்பதே நல்லது என்பது அதன் பரிந்துரை. அங்கு வாழும் மக்களைக் கலந்து செய்யவேண்டும் என்று ஒரு வரி இருந்தாலும், 1947 தீர்மானம் வாக்களித்த தனிப் பாலஸ்தீன நாடு இதில் இல்லாமல் போயிற்று. அகதிகளின் வீட்டு உரிமைக்காக வாதாடியவரே அவர்களுடைய நாட்டு உரிமையை அம்மான் மன்னரிடம் ஒப்படைக்க முன்வந்தார். அன்றைய பிரித்தானிய, அமெரிக்க அரசுகளும் இதையே விரும்பின. அறிக்கை முடிவாகும் முன்னர் அவ்விரு நாடுகளின் அலுவலர்கள் ரோட்ஸ் தீவுக்கு வந்து பேசிச் சென்றனர்.

கொலை

செப்டம்பர் 17, வெள்ளிக்கிழமை. பெர்னடோட் விமானத்தில் எருசலேமுக்கு வடக்கே உள்ள கலந்தியாவில் இறங்கி, நகருக்குள் வந்தார். தலைமையகத்தை அங்கு மாற்றலாமா என்று இடம் பார்ப்பதும், யூதப் பகுதியின் இராணுவ ஆளுநர் டோவ் ஜோசப்பைச் சந்திப்பதும் அன்றைய அலுவல்கள். ஆயுதக் காவலை அவர் ஏற்பதில்லை. பிற்பகல் ஐந்து மணியளவில் மூன்று ஊர்திகள் கத்தாமோன் பகுதி வழியாகச் சென்றபோது ஒரு ஜீப் குறுக்கே நின்று வழியை மறித்தது. இஸ்ரேலியப் படையினரின் சீருடை போன்ற உடையில் இருந்தவர்கள் இறங்கினர். வழக்கமான சோதனை என்றே ஊர்தியில் இருந்தவர்கள் எண்ணினர். ஒருவர் கடைசி ஊர்தியின் சாளரத்தின் வழியே துப்பாக்கியை நீட்டிச் சுட்டார். பெர்னடோட்டும் அருகில் இருந்த பிரெஞ்சுக் கர்னல் ஆந்த்ரே செரோவும் குண்டுகளுக்கு இரையாயினர்.

செரோவின் மனைவி நாசி முகாமில் இருந்து மீட்கப்பட்டவர். அதற்கு நேரில் நன்றி கூறும் பொருட்டே அன்று அவர் பெர்னடோட்டின் பக்கத்தில் அமர்ந்தார் என்று கூறப்படுகிறது. உடன் செல்ல வேண்டிய ரால்ஃப் பஞ்ச் வழியில் ஏற்பட்ட தாமதத்தால் உயிர் தப்பினார்.

கொலைக்கு முடிவெடுத்தவர்கள் லேகி இயக்கத்தின் மூன்று தலைவர்களான இட்சாக் ஷமிர், நாதன் யெலின் மோர், இஸ்ரேல் எல்டாட் ஆகியோர். எருசலேம் இவர்களுக்கு மறுக்கப்படும் என்ற அச்சமே காரணம். இரண்டாவது திட்டத்தின் உள்ளடக்கம் அவர்களுக்கு அப்போது தெரியாது. பெர்னடோட் தாமே கைவிட்டுவிட்ட ஒரு யோசனைக்காகக் கொல்லப்பட்டார்.

இஸ்ரேலிய அரசு கொலையை வன்மையாகக் கண்டித்தது. லேகி உறுப்பினர்கள் நூற்றுக்கணக்கில் கைது செய்யப்பட்டனர். அவ்வியக்கம் தடை செய்யப்பட்டது. எருசலேமில் எஞ்சியிருந்த இர்குன் படையும் கலைக்கப்பட்டது. ஆனால் கொலைக் குற்றத்துக்காக எவரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படவில்லை. யெலின் மோர் தீவிரவாத அமைப்பின் தலைவர் என்ற குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு, பொது மன்னிப்பில் விடுதலையானார். 1949 ஜனவரியில் நடந்த முதல் தேர்தலில் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். பின்னாளில் அவர் பாலஸ்தீனருடன் சமரசம் வேண்டும் என்று வாதாடுபவராக மாறியது வியப்புக்குரியது. ஷமிர் 1983 இலும் மீண்டும் 1986 இலும் பிரதமரானார்; 1991 இல் மாட்ரிட் அமைதி மாநாட்டில் இஸ்ரேலின் சார்பில் கலந்துகொண்டவர் அவரே. சுட்டவரான யெகோஷுவா கோகன் நெகேவில் உள்ள ஸ்தே போக்கர் கூட்டுப்பண்ணையில் குடியேறினார். பதவி விலகி அங்கு வந்து வாழ்ந்த பென் குரியனுக்கு நெருங்கிய நண்பராகவும் ஆனார். கொலையில் தொடர்புடைய சிலர் 1988 இல்தான் வெளிப்படையாக ஒப்புக்கொண்டனர்.

பின்விளைவுகள்

பெர்னடோட்டின் எல்லைத் திட்டத்தை அமெரிக்க வெளியுறவுச் செயலர் மார்ஷல் முதலில் ஆதரித்தார். தேர்தலை எதிர்நோக்கியிருந்த அதிபர் ட்ரூமன் பின்வாங்கினார். அக்டோபரில் இஸ்ரேல் நெகேவின் பீர்செபாவையும் கலிலேயா முழுவதையும் கைப்பற்றியது. வரைபடம் காகிதத்திலேயே காலாவதியானது.

அகதிகள் பற்றிய பகுதி மட்டும் அழியவில்லை. 1948, டிசம்பர் 11 அன்று பொதுச் சபை நிறைவேற்றிய 194 ஆம் தீர்மானத்தின் 11 ஆம் பத்தி அதன் நேரடி வழித்தோன்றல். அண்டை மக்களுடன் அமைதியாக வாழ விரும்பும் அகதிகள் வீடு திரும்ப அனுமதிக்கப்பட வேண்டும், விரும்பாதவர்க்கு இழப்பீடு வழங்க வேண்டும் என்கிறது அது. அரபு நாடுகள் அன்று இத்தீர்மானத்துக்கு எதிராக வாக்களித்தன. இஸ்ரேலின் இருப்பை அது மறைமுகமாக ஏற்பதாக அவை கருதின. பின்னர் அதே தீர்மானத்தைத் தங்கள் கோரிக்கையின் அடித்தளமாக்கிக் கொண்டன. இன்று ஐக்கிய நாடுகள் அவையின் உதவி நிறுவனத்தில் பதிவு பெற்ற பாலஸ்தீன அகதிகளும் அவர்தம் வழியினரும் 55 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள்.

பெர்னடோட்டின் இடத்தில் அமர்ந்த ரால்ஃப் பஞ்ச், 1949 பெப்ரவரி முதல் ஜூலை வரை எகிப்து, லெபனான், டிரான்ஸ்ஜோர்டான், சிரியா ஆகிய நாடுகளுடன் இஸ்ரேல் தனித்தனியே செய்துகொண்ட போர்நிறுத்த உடன்படிக்கைகளை உருவாக்கினார். முன்னவரைப் போல் முழுத் தீர்வையும் ஒரே ஏட்டில் எழுத அவர் முயலவில்லை. படைகள் எங்கே நிற்பது என்பதை மட்டும் பேசினார். 1950 இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. எல்லை, எருசலேம், அகதிகள் ஆகியன பிற்காலத்துக்கு ஒத்தி வைக்கப்பட்டன. 1993 ஒஸ்லோ உடன்பாடும் அவற்றை அவ்வாறே ஒத்தி வைத்தது. 2000 இல் கேம்ப் டேவிட் பேச்சுவார்த்தை முறிந்ததற்கு எருசலேமும் அகதிகளுமே முக்கியக் காரணங்களுள் இரண்டு. 2023 அக்டோபர் 7 தாக்குதலுக்குப் பின் காசாவில் நடந்த பெரும் போரில் சிக்கிய மக்களுள் பெரும்பாலோர் 1948 இல் வீடிழந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆவர்.

இக்கொலை அனைத்துலகச் சட்டத்திலும் ஒரு தடம் பதித்தது. தன் பணியாளர் கொல்லப்பட்டதற்கு ஐக்கிய நாடுகள் அவை ஒரு நாட்டிடம் இழப்பீடு கோர முடியுமா என்ற கேள்வி எழுந்தது. முடியும் என்று ஹேக் நகரில் உள்ள அனைத்துலக நீதிமன்றம் 1949, ஏப்ரல் 11 அன்று கருத்துரை வழங்கியது. அனைத்துலக நிறுவனங்களுக்குத் தனிச் சட்ட ஆளுமை உண்டு என்பதை நிலைநாட்டிய இக்கருத்துரையைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கின்றனர். இஸ்ரேல் 1950 இல் 54,628 அமெரிக்க டாலர்களை இழப்பீடாகச் செலுத்தியது.

நினைவு

பெர்னடோட்டின் உடல் சுவீடன் கொண்டு செல்லப்பட்டு, ஸ்டாக்ஹோம் அருகே சோல்னாவில் அடக்கம் செய்யப்பட்டது. பாலஸ்தீனப் பணி பற்றிய இவருடைய குறிப்புகள் இறப்புக்குப் பின் நூலாக வெளிவந்தன. அமைதிப் பணிக்கும் மோதல் தீர்வுக்கும் பயிற்சி அளிக்கும் சுவீடன் அரசு நிறுவனம் ஒன்று 2002 இல் இவர் பெயரில் தொடங்கப்பட்டது. 1995 இல் டெல் அவிவ் நகரில் நடந்த நினைவு நிகழ்ச்சியில் இஸ்ரேலிய வெளியுறவு அமைச்சர் ஷிமோன் பெரெஸ் இக்கொலைக்காக வருத்தம் தெரிவித்தார். கொலை நடந்து அப்போது 47 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2014, அக்டோபர் 30 அன்று சுவீடன் பாலஸ்தீனத்தைத் தனி நாடாக அங்கீகரித்தது.